வீட்டிலிருக்கும் பழைய மடிக்கணினியை வைத்தே சமாளிக்கலாம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா என் அறைக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே, மூத்த மகன் மேல்நிலை படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. "சார், இதுல டிரைவ் ஏறவே மாட்டேங்குதாம். புதுசு வாங்கணும்னா வளையலத்தான் வைக்கணும். வாங்கிடட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டவே வேண்டாம் என்றேன். உங்கள் எல்லோருக்கும் அதையே சொல்லத்தான் இந்தக் கடிதம். செயல்திட்டக் கோப்புகளைக் கூகுள் டிரைவில், அதாவது இணையத்தில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் கூகுளின் இடத்தில், போடச் சொன்னது நாங்கள். வீட்டில் என்ன கணினி இருக்கிறது என்று கேட்காமல் சொல்லிவிட்டோம். தவறு எங்கள் பக்கம்தான்.

மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அந்தக் காலத்துக் கருவிகள் இன்னும் பல வீடுகளில் அலமாரி மேல் இருக்கின்றன. ரேம் 2 ஜிபி, உள்ளே விண்டோஸ் 7. அந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியிலேயே முழுக்குப் போட்டுவிட்டது. டிரைவைப் போன்ற மைக்ரோசாப்டின் ஒன்டிரைவ் செயலியும் 2022 மார்ச்சோடு அதில் ஒத்திசைவை, அதாவது கணினியிலும் இணையத்திலும் கோப்புகளை ஒன்றுபோல வைக்கும் வேலையை, நிறுத்திக்கொண்டது. டிரைவுக்காகக் கணினியில் போடும் கூகுளின் செயலி 2023 ஆகஸ்டில் விண்டோஸ் 8-ஐயும் 32 பிட் என்ற பழைய வகைக் கணினிகளையும்கூடக் கைவிட்டது. அந்த அம்மா கடையில் கொடுத்து ஏற்றப் பார்த்தது இந்தச் செயலியைத்தான். ஏறாது. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் டிரைவுக்குச் செயலியே தேவையில்லை. பிரவுசரில் டிரைவ் பக்கத்தைத் திறந்து, கோப்பை இழுத்துப் போட்டால் போதும். விண்டோஸ் 7-க்குக் குரோம் 109 தான் கடைசிப் பதிப்பு, அதற்குப் புதுத் திருத்தங்கள் வராது. அதனால் நாங்கள் ஃபயர்பாக்ஸின் 115 என்ற நீண்டகாலப் பதிப்பைப் போட்டுத் தருகிறோம். பழைய கணினிகளுக்காக அதற்குத் திருத்தம் தரும் காலத்தைப் பலமுறை நீட்டித்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் மடிக்கணினியிலும் அதைப் போட்டோம். டிரைவ் திறக்க நான் ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் ஆனது. ஆனாலும் திறந்தது.

செயலி ஏறாமல் போனதே நல்லது என்றுகூடச் சொல்வேன். ஒத்திசைவுச் செயலி மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், மாறுவதைக் கணினிக்கும், கணினியில் அதற்கென்று ஒதுக்கிய ஃபோல்டரில் மாறுவதை மேகத்துக்கும் அனுப்பிக்கொண்டே இருக்கும். அப்பாவின் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால், ஒரு நாளைக்கான ஒன்றரை ஜிபியும் காலைச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிடலாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. போன ஆண்டு எங்கள் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவன், வீட்டுக் கணினியில் இடம் போதவில்லை என்று ஒரு ஃபோல்டரை அழித்தான். அவன் கணக்கில் அது வெறும் நகல்; அசல்தான் மேகத்தில் இருக்கிறதே! ஒத்திசைவுக்கு அசல், நகல் என்ற பேதமே தெரியாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அந்த ஃபோல்டரைக் குழுவில் ஐந்து பேர் பகிர்ந்திருந்தார்கள். ஐந்து பேருக்கும் போய்விட்டது. யாரும் கவனிக்கவில்லை. ஒப்படைக்கும் வாரத்தில்தான் அழுகை. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். எங்கள் கணினி ஆசிரியை அதைத் தேடி எடுத்தது 26-ஆவது நாள். நாலு நாள் தாமதித்திருந்தால் மறுபடி முதலிலிருந்துதான். ஆகவே, முக்கியமான கோப்பு டிரைவில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என இருக்கட்டும். அந்தப் பென்டிரைவை ஊரெல்லாம் செருகாமல் வைத்திருங்கள். நெட் சென்டரில் ஒரு தடவை செருகிவிட்டு வந்தாலே ஷார்ட்கட் வைரஸ் ஒட்டிக்கொள்கிறது.

"இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று சிவப்பாக வந்து எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், உடனே வைரஸ் என்று பயந்து ஃபார்மட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள். முதலில் திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். எங்கள் கணினி அறையில் நான்கு கணினிகளில் இதே தொல்லை. பார்த்தால் தேதி 2009 ஜனவரி 1. ஒவ்வோர் இணையதளமும் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை செல்லும் என்று இருக்கும். கணினி இன்னும் 2009-இல் இருக்கிறது என்றால், சான்றிதழ் வருங்காலத்தில் எழுதியது போலத் தெரிகிறது, உள்ளே விடாது. காரணம், மதர்போர்டில் கடிகாரத்தை ஓட்டும் பட்டன் பேட்டரி தீர்ந்திருப்பதுதான். சிஆர் 2032 என்று கேளுங்கள், ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். மடிக்கணினிகளில் சிலவற்றில் அது வயரோடு இருக்கும், கடையில்தான் மாற்ற வேண்டும். அதுவரை தேதியைக் கையால் திருத்திவிட்டுப் பயன்படுத்தலாம்.

கணினி அறையில் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக இருந்த ஃபோல்டரை மூடிவிட்டோம் என்று பிள்ளைகள் உங்களிடம் முறையிட்டிருப்பார்கள். 2017 மே மாதம் 'வானாகிரை' என்று ஒன்று உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கலாம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தானாகவே தாவியது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் அந்த ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள், அதிகம் அடிபட்டது விண்டோஸ் 7 தான். எங்கள் அறையிலும் அந்தப் பழைய முறைதான் ஓடிக்கொண்டிருந்தது என்பது இந்த ஆண்டுதான் எங்களுக்கே தெரிந்தது. அதனால்தான் மூடினோம். பிள்ளைகள் கோபித்துக்கொள்ளட்டும், பரவாயில்லை.

அதே காரணத்தால் பழைய மடிக்கணினியில் வங்கி வேலை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினி அது, பாடத்துக்கு மட்டும் போதும். உங்கள் சொந்தக் கூகுள் கணக்கையும் அதில் திறக்க வேண்டாம். பள்ளி வேலைக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். 15 ஜிபி இலவசம், பள்ளி வேலைக்குத் தாராளம். பதின்மூன்று வயது நிறையாத பிள்ளைக்குப் பெற்றோர் பெயரில் தொடங்குங்கள். அந்தக் கணக்கைத் தொடர்ந்து இரண்டு ஆண்டு தொடாமல் விட்டால் கூகுள் நீக்கிவிடலாம், அதையும் மனதில் வையுங்கள். நெட் சென்டரில் திறந்தால், எழுந்து வருமுன் லாக்-அவுட் செய்யுங்கள்.

பகிரும்போது ஒன்று. ஒரு பெற்றோர், சுற்றுலாப் படங்கள் இருந்த ஃபோல்டரை "லிங்க் உள்ள எவரும்" பார்க்கலாம் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அதே ஃபோல்டரில் மகளின் ஆதாரும் சாதிச் சான்றிதழும் இருந்தன. குழுவில் அறுபது பேர். ஆசிரியையின் மின்னஞ்சலை மட்டும் சேர்த்துப் பகிருங்கள், அது போதும்.

தமிழ்க் கட்டுரைகளை டைப் செய்து அனுப்புவோருக்கு: பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத்தான் தெரியும். எங்கள் தமிழ் ஐயா ஒரு முழு மாலை அதை வைத்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொண்டார். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள். முடியாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

கையால் எழுதிய நோட்டுப் பக்கங்களுக்கு மடிக்கணினியே வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் டிரைவ் செயலியிலேயே ஸ்கேன் வசதி இருக்கிறது. பக்கங்களை வரிசையாகப் படம் பிடித்தால் ஒரே பிடிஎஃப் ஆகிவிடும். பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும் இருபது வாட்ஸ்அப் படங்களைப் பார்த்துத் திருத்தி, அறிவியல் ஆசிரியருக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டது.

அப்புறம், இது எதுவும் முடியாத வீடுகளும் இருக்கும் என்று தெரியும். அந்தப் பிள்ளைகள் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். மதிப்பெண்ணில் ஒரு புள்ளி குறையாது, ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டேன்.

வரும் சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணிவரை கணினி அறை திறந்திருக்கும். மடிக்கணினியைக் கொண்டு வாருங்கள். பிரவுசர் போட்டு, தேதி சரிபார்த்து, புதுக் கணக்கும் தொடங்கித் தருகிறோம். கணக்குத் தொடங்கும்போது போன் எண்ணைச் சரிபார்க்கக் கேட்கலாம் என்பதால் போனும் வேண்டும். சார்ஜரை மறக்காதீர்கள். இந்த மடிக்கணினிகளின் பேட்டரி பத்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை, எங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு சார்ஜர்.

அன்புடன்,
தலைமையாசிரியர்