ஆதார் பதிவாகியும் வராத உதவித்தொகை

ஐயா,

ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான கல்வி உதவித்தொகை உள்ளது. கல்லூரியில் சேர்ந்த என் மகளுக்காக வருமானச் சான்று, சாதிச் சான்று என ஒவ்வொன்றையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி இணையத்தில் பதிவேற்றியும், ஐந்து மாதங்களாகப் பணம் வரவில்லை. வங்கிக் கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தாலும், அரசுப் பணம் நேரடியாக வரவு வைக்கப்படுவதற்கு அதைத் தனியாக இணைக்க வேண்டும் என்பதை அதன் பிறகே ஓர் எழுத்தர் சொன்னார். கிளைக்குச் சென்று ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் (பத்து நிமிட வேலைதான்) சிக்கல் தீர்ந்தது. அதற்குள் தேர்வுக் கட்டணத்துக்கு என் மனைவியின் கம்மல் அடகுக்குப் போயிருந்தது. மாணவர் சேர்க்கையின்போதே ஒவ்வொருவரின் கணக்கு நிலையையும் கல்லூரிகள் சரிபார்க்க உயர்கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.

– ஒரு தந்தை, விருத்தாசலம்