நான்கே மாதத்தில் அட்டையாகிப்போன மேட்கள்: 12-ஐயும் எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள்

வணக்கம்.

நின்று வேலை செய்கிறவர்களின் காலுக்கடியில் போட உங்களிடம் வாங்கிய 12 ‘களைப்பு நீக்கும்’ மேட்களைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் ஒரே பதில்தான் வந்தது, ஒரு எழுத்துகூட மாறவில்லை: உங்கள் கருத்துக்கு நன்றி, இது பயன்பாட்டால் வரும் சாதாரணத் தேய்மானம். சரி, இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், யாராவது ஒருவர் முழுதாகப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

எங்களுடையது உலோகப் பாகங்களைக் கடையும் சின்ன மெஷின் ஷாப். லேத், மில்லிங், ட்ரில்லிங் என்று மெஷின்களுக்கு முன்னால் 8 மேட், பேக்கிங் மேசையைச் சுற்றி 4 மேட். எல்லோரும் ஷிப்ட் முழுக்க கான்கிரீட் தரையில் நிற்கிறவர்கள். சாயங்காலமானால் ஒருவர் குதிகாலைப் பிடித்துக்கொள்வார், ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். அதைப் பார்த்துத்தான் மேட் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். உங்கள் விளம்பரத்தில் ‘நாள் முழுக்க நின்றாலும் களைப்பே தெரியாது, எல்லா வகை வேலையிடத்துக்கும் ஏற்றது’ என்று இருந்தது. உங்கள் விற்பனை ஆள் ஒரு சாம்பிள் துண்டைக் கொண்டுவந்து கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். நானும் அழுத்திப் பார்த்தேன். மெத்தென்று உள்ளே போயிற்று. அவர் என்னிடம் கேட்டது மொத்தமே இரண்டு கேள்வி: எத்தனை வேண்டும், என்ன கலர் வேண்டும்.

முதல் வாரம் எல்லோருக்கும் சந்தோஷம். மெத்தைமேல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது மாதத்தில் பேக்கிங் அக்கா ஒருவர், “கீழே தரை தட்டுதுங்க” என்றார். நான்காவது மாதத்தில் எல்லா மேட்டிலும், ஆள் நிற்கிற இடத்தில் இரண்டு பாதம் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. எங்கள் தொழிலே அளவெடுப்பதுதான் என்பதால் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். யாரும் மிதிக்காத மூலையில் 17.8 மி.மீ. பாதம் படும் இடத்தில் 10.6 மி.மீ. அந்த மேட்டை எடுத்து, யாரும் மிதிக்காமல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அலமாரிமேல் கிடக்கவிட்டு, திங்கட்கிழமை மறுபடியும் அளந்தேன். 10.9. இதற்குப் பெயர் தேய்மானம் அல்ல. தேய்வது மேல்பக்கம், அங்கே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே இருக்கும் ஃபோம் அமுங்கிப் போய்விட்டது, திரும்ப எழும்பவில்லை. ரப்பர் வகைப் பொருள்களை இவ்வளவு நேரம் அமுக்கி வைத்துவிட்டு, விட்டபிறகு எவ்வளவு எழும்பாமல் நின்றுவிடுகிறது என்று பார்ப்பதற்கென்றே ஏஎஸ்டிஎம் டி395 என்ற சோதனை முறை இருக்கிறது. அந்த அளவு உங்கள் பொருளுக்கு எவ்வளவு என்று முதல் கடிதத்திலேயே கேட்டேன். நன்றி என்று பதில் வந்தது.

போனில் பேசியபோது உங்கள் ஆள் ஒருவர், “உங்க ஆட்கள் வெயிட் அதிகமா இருப்பாங்களா?” என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், பேக்கிங் மேசையில் எல்லோருக்கும் கேட்டது. அவர்களுக்காகவும் சேர்த்து இந்தப் பதிலை எழுதுகிறேன். முதலில் குழி விழுந்த மேட், எங்களில் மிக ஒல்லியானவர் நிற்கும் மேட். காரணம் சாதாரணமானது. அவர் வேலை டேப் ஒட்டுவது, நின்ற இடத்தைவிட்டு நகர வழியே இல்லை. மெஷினுக்கும் மேசைக்கும் நடக்கிறவரின் எடை மேட் முழுக்கப் பரவுகிறது, இவர் எடை தினமும் அதே இரண்டு பாத அளவில் விழுகிறது. நின்ற இடத்திலேயே நிற்கிறவருக்குத்தானே இந்த மேட்டை விற்கிறீர்கள்? அவர் நின்றால் தாங்காது என்றால் வேறு யாருக்கு இது?

இந்த மேட் என்ன வேலை செய்ய வேண்டும் என்று உங்களுக்கே தெரியுமா என்பது என் சந்தேகம், அதனால் நான் இந்த நான்கு மாதத்தில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அசையாமல் நிற்கும்போது கெண்டைக்கால் தசை விறைப்பாகவே இருக்கிறது. அது சுருங்கி விரிந்தால்தான் காலில் இறங்கிய ரத்தம் மேலே தள்ளப்படும். நடக்கிறவருக்கு இது தானாக நடக்கிறது. நிற்கிறவருக்கு நடப்பதில்லை, ரத்தம் காலிலேயே தேங்குகிறது, கால் கனக்கிறது, வீங்குகிறது. நல்ல மேட் இதில் செய்வது சின்ன உதவி. தரை லேசாக அசைந்து கொடுப்பதால், உடம்பு தன்னைச் சமன் செய்துகொள்ள நமக்குத் தெரியாமலே தசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இயக்கிக்கொண்டே இருக்கிறது. அதற்கு மேட் அமுங்கவும் வேண்டும், அமுங்கியது உடனே எழும்பி காலைத் திருப்பித் தள்ளவும் வேண்டும். அமுங்குவது மட்டும் நடந்தால் அது மணலில் நிற்பது மாதிரி. மணலில் அரை நாள் நின்று பாருங்கள், கணுக்கால் என்ன சொல்கிறது என்று.

இது என் கற்பனை அல்ல. சாம், ரெட்ஃபெர்ன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். 10 பேரை, 7 விதமான தரைகளில், ஒவ்வொன்றிலும் 4 மணி நேரம் நிற்க வைத்துப் பார்த்தார்கள். தரைக்குத் தரை இருக்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்ததே மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான். அதிலும் குறைவான வலி தந்தவை நன்றாக மீண்டெழும், ஓரளவு விறைப்பான மேட்கள். அழுத்தத்தையெல்லாம் உள்ளே விழுங்கிக்கொள்ளும் சொதசொதப்பான மேட்கள் அல்ல. இப்போது உங்கள் சாம்பிள் துண்டை நினைத்துப் பாருங்கள். நான்கு மணி நேரம் நின்றால்தான் தெரியும் விஷயத்தைக் கட்டைவிரலால் ஐந்து விநாடியில் காட்டி விற்றிருக்கிறீர்கள், அதுவும் எது கூடாதோ அந்த மெத்தென்ற தன்மையைக் காட்டி! அழுத்திப் பார்த்து வாங்கிய என் தப்பும் இதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விற்பது என் தொழில் இல்லை, உங்கள் தொழில்.

அடுத்தது மெஷின் பக்கம். இங்கே கதை வேறு. உங்கள் மேட் பிவிசி ஃபோம் என்பதை பில்லைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். விளம்பரத்தில் ‘உயர்தர குஷன்’ என்று மட்டும்தான் இருந்தது. லேத் பக்கம் தரையில் கட்டிங் ஆயில் இருக்கும், எவ்வளவு துடைத்தாலும் இருக்கும். பிவிசியை மென்மையாக வைத்திருப்பதே அதில் கலந்திருக்கும் பிளாஸ்டிசைசர்தான், எண்ணெய் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடுகிறது. அப்புறம் மேட் விறைத்து, சுருங்கி, வெடிக்கிறது. எங்கள் லேத் முன்னால் கிடந்த மூன்று மேட்டும் அப்படித்தான் ஆயின. போதாததற்குச் சூடாக வந்து விழும் உலோகச் சுருள் மேல்தோலை அங்கங்கே பொத்தலாக்கி, அந்தப் பொத்தல் வழியே எண்ணெய் ஃபோமுக்குள் இறங்கிவிட்டது. ஒருநாள் தூக்கிப் பார்த்தால் அடியில் வழவழவென்று இருக்கிறது, மேட் தரையில் சறுக்கிக்கொண்டு போகிறது. நல்லவேளை, அன்று நாங்கள் முதலில் பார்த்துவிட்டோம்.

எண்ணெய் படும் இடத்துக்கு வேண்டியது எண்ணெய் தாங்கும் நைட்ரைல் ரப்பர், அதுவும் ஓட்டை உள்ள வகை, மெஷினில் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலண்டும் சுருளும் கீழே இறங்கிவிடும்படி. இயற்கை ரப்பர்கூட எண்ணெயில் ஊறி உப்பிவிடும். உலர்ந்த பேக்கிங் பக்கத்துக்குத்தான் ஓட்டையில்லாத மேட், பாலியூரித்தேன் என்றால் அமுங்கியது நன்றாக எழும்பும். ஒரே கேள்வி, ‘தரையில் என்ன சிந்தும்?’ என்று உங்கள் ஆள் கேட்டிருந்தால் இவ்வளவும் அன்றைக்கே தெரிந்திருக்கும். ‘எல்லா வகை வேலையிடத்துக்கும்’ என்று ஒரே பொருளை விற்கிறவருக்கு அந்தக் கேள்வி எதற்கு!

பேக்கிங் பக்கம் ஓரங்கள் சுருண்டுகொண்டன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த பையன் ஒருவன் சுருண்ட ஓரத்தில் கால் இடறி விழுந்தான். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. கையில் பெட்டி இருக்கும்போது கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் ஓரம் சரிவாகவும் கனமாகவும் தரையோடு படிந்தும் இருக்க வேண்டும். உங்கள் மேட்டில் சரிவு இருக்கிறது, ஆனால் அதே லேசான ஃபோமை வெட்டிச் செய்த சரிவு. முதல் மாதத்திலேயே தலைதூக்கிவிட்டது.

வழுக்கல் பற்றியும் ஒரு வார்த்தை. மேட் வந்த பெட்டியில் ‘வழுக்காது’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். எந்த அளவுக்கு வழுக்காது? எண்ணெய் ஊற்றிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறது என்று பார்த்து ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் கொடுக்கும் ஜெர்மன் முறை ஒன்று இருக்கிறது. எண் பெரிதானால் பிடிப்பு அதிகம். அந்த ஓர் எண் போதும், பெரிய எழுத்து விளம்பரம் வேண்டாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த மேட்டால் ஒரே ஒருவருக்கு நன்மை நடந்தது. பேக்கிங்கில் உயரம் குறைவான ஓர் அக்கா, மேட் வந்த அன்று, “இப்பதான் மேசை எனக்கு எட்டுது” என்றார். பதினெட்டு மி.மீ. உயர்த்திவிட்டதல்லவா. அவருக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமானவருக்கோ மேசை இன்னும் தாழ்ந்து, குனிந்து குனிந்து முதுகு வலி. மேட் போட்டால் மேசை உயரமும் மாறுகிறது என்று உங்கள் ஆளும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இப்போது குழி விழுந்ததில் அந்த அக்காவுக்கும் பழையபடி எட்டவில்லை.

‘நாள் முழுக்க நின்றாலும்’ என்ற வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். எந்த மேட்டும் அதைச் செய்யாது. நடுவில் நாங்களே ஒரு காரியம் செய்தோம், மேசைக்கடியில் ஒரு காலை மாற்றி மாற்றித் தூக்கி வைக்க ஒரு கட்டை, சாய்ந்து உட்கார இரண்டு உயர ஸ்டூல், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். அதற்கு ஆன செலவு உங்கள் ஒரு மேட்டின் விலைகூட வராது, ஆனால் சாயங்காலம் இடுப்பைப் பிடிக்கிற ஆட்கள் குறைந்தது அதனால்தான். மேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. கான்கிரீட்டைவிட நல்ல மேட் கண்டிப்பாக மேல், அதனால்தான் மறுபடியும் வாங்கப் போகிறேன். உங்களிடம் இல்லை.

எனக்கு வேண்டியது இது. 12 மேட்டுக்கும் முழுப் பணம், 15 நாளுக்குள். வேறு மேட் மாற்றித் தருகிறோம், அடுத்த முறை தள்ளுபடி தருகிறோம் என்ற பேச்சு வேண்டாம். அப்புறம் உங்கள் விளம்பரத்தில் என்ன பொருளால் ஆனது, ரப்பர் எவ்வளவு விறைப்பு என்று காட்டும் ஷோர் கடினத்தன்மை எவ்வளவு, அமுங்கினால் எவ்வளவு எழும்பும், எண்ணெய் தாங்குமா, ட்ராலி சக்கரம் ஏறலாமா என்ற விவரங்களைப் போடுங்கள். இவை உங்களிடமே இல்லை என்றால் அதையாவது சொல்லுங்கள், வாங்குகிறவர் முடிவு செய்துகொள்வார். பில், வெர்னியரோடு எடுத்த படங்கள், வெடித்த மூன்று மேட்டின் படங்கள், சுருண்ட ஓரத்தின் படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். பதினைந்து நாளில் பதில் வரவில்லை என்றால் இதே கட்டு அப்படியே நுகர்வோர் குறைதீர்ப்புக்குப் போகும்.

மேட்களைச் சுருட்டிக் கட்டி வாசல் பக்கம் அடுக்கியாயிற்று. லேத் பக்கத்து மூன்றும் எண்ணெய் வடியும், அதைத் தனியாக பாலிதீனில் சுற்றி வைத்திருக்கிறேன். பேக்கிங்கில் இப்போதைக்குப் பெட்டி அட்டையை நாலாக மடித்துப் போட்டு நிற்கிறார்கள், உங்கள் மேட்டுக்கு இதுவே பரவாயில்லை என்கிறார்கள். வண்டி அனுப்பும் முன் ஒரு போன் செய்யுங்கள், ஏற்றிவிட ஆள் நிறுத்துகிறேன்.

இப்படிக்கு,
பில்லில் பெயர் உள்ள அதே வாடிக்கையாளர்