நோயாளியைப் பார்க்காத கேர் பிளான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முப்பத்தோரு வருடம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் நான். நர்சிங் பிள்ளைகள், தாங்கள் பார்த்த நோயாளியைப் பற்றி எழுதும் கேஸ் ஸ்டடியையும் அசைன்மென்டையும் காசு கொடுத்து எழுதி வாங்குகிறார்கள் என்றதும், பொறுப்பில்லாத பிள்ளைகள் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

ஒருநாள் ஒரு மாணவியின் கேர் பிளானை, அதாவது நோயாளியின் நிலையையும் பராமரிப்பையும் எழுதும் நோட்டைப் புரட்டினேன். முத்து முத்தான கையெழுத்து. ஆனால் நோயாளிக்கு இடது பாதத்தில் புண் என்று இருந்தது. அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை நோயால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. புண் வலது பாதத்தில். "யாரு எழுதினதும்மா?" என்றேன். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் யாரிடமோ காசுக்கு வாங்கி, ராத்திரி இரண்டு மணி வரை பார்த்து எழுதியிருக்கிறாள். காலை ஏழு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் அவருக்கு மூன்று நாளாகக் கட்டு மாற்றியவள் அவள்தான். புண்ணின் ஆழம், காலைச் சர்க்கரை அளவு, மகன் வந்து பார்ப்பதில்லை என்பது வரை கேட்டதும் சொன்னாள். சரி, இதையே எழுது என்று கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. அருமையாக இருந்தது. பக்கம் போதாது என்று கல்லூரியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். தேர்வு எழுத 80 சதவீத வருகை போதும், ஆனால் பட்டம் வாங்குவதற்குள் வார்டு போஸ்டிங்கை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்த நாளையும் ஈடுகட்டியாக வேண்டும். அந்த விதி நியாயம்தான். அதற்கு மேல் மருந்துகளைப் பற்றி எழுத டிரக் புக், சிகிச்சை செய்முறைகளை எழுத ப்ரொசீஜர் புக், கேஸ் ஸ்டடி என்று பக்கக் கணக்கு கேட்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. பாதிப் பக்கம் புத்தகத்தில் இருக்கிற உடற்கூறியல்தான். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகள் அதையும் இங்கிலீஷில் எழுத வேண்டும். எழுதி விற்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

காசுக்கு எழுதித் தருவதை ஆஸ்திரேலியாவில் 2020-லும் இங்கிலாந்தில் 2022-லும் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கேயும் வர வேண்டும். ஆனால் அது வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரிகள் பக்கக் கணக்கை விடட்டும். ட்யூட்டியின் கடைசி ஒரு மணி நேரத்தை வார்டிலேயே எழுதக் கொடுக்கட்டும். அப்புறம், மார்க் போடுவதற்கு முன் ஆசிரியை அந்தக் கட்டிலுக்கே போய், நோயாளியை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கேள்வி கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர்.