சிள்வண்டு அல்ல, சுவர்க்கோழி

மன்னார்குடி

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

ராத்திரி முழுக்கச் சிள்வண்டு கத்துகிறது, தூக்கமே இல்லை என்று எழுதியிருந்தாயே, அது சிள்வண்டு அல்ல, சுவர்க்கோழி. எங்கள் சமையலறையிலும் ஒன்று குடியேறிவிட்டது. போன வாரம் டார்ச் அடித்துத் தேடி, அம்மிக்குப் பின்னால் ஒன்றைக் கண்ணாடித் தம்ளரால் கவிழ்த்துப் பிடித்தேன். பழுப்பு உடம்பு, அதைவிட நீண்ட மீசை, வால்பக்கம் மூன்று முட்கள். ஓரத்து முட்கள் இரண்டும் ஆண், பெண் இரண்டுக்கும் உண்டு. நடுவில் ஊசிபோல் நீண்டிருப்பது முட்டையிடும் குழல். ஆக, பெண்! பாடுவது ஆண் மட்டுமே. குற்றவாளியைத் தப்பவிட்டு, பாட்டுக்கு மயங்கி வந்தவளைச் சிறைபிடித்திருக்கிறேன்.

பிறகுதான் இவர்களின் வம்சாவளியைத் தேடிப் படித்தேன். குடும்பத்தின் பெயர் கிரில்லிடே. பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவை 'வரிசை' என்கிறார்கள்; இவர்களின் வரிசை ஆர்த்தாப்டெரா, வெட்டுக்கிளியும் அதே வரிசைதான். ஆனால் வெட்டுக்கிளிக்கு மீசை குட்டை, காது வயிற்றில். சுவர்க்கோழிக்குக் காது முன்னங்காலில், முட்டிக்குச் சற்றுக் கீழே! அதனால் துணைவரிசை வேறு: என்சிஃபெரா, அதாவது 'வாளேந்தி'. நான் பார்த்த ஊசிதான் அந்த வாள். பிள்ளைப்பூச்சியைப் பழைய நூல்கள் சில இந்தக் குடும்பத்திலேயே வைத்திருந்தன. இப்போது அது தனிக்குடித்தனம், பங்காளி முறை.

சிள்வண்டு சொந்தமே இல்லை. அது மூட்டைப்பூச்சி வரிசையைச் சேர்ந்தது, மரச்சாறு உறிஞ்சிப் பிழைப்பது. வயிற்றின் இருபக்கச் சவ்வை அதிரவைத்துக் கத்தும். சுவர்க்கோழியோ வலச்சிறகின் அடியிலுள்ள அரம் போன்ற நரம்பை இடச்சிறகின் விளிம்பில் உரசுகிறது.

குழம்பியதற்காக நீ வெட்கப்பட வேண்டாம். உயிரினங்களை வகைப்படுத்திப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1758இல் கும்பிடுபூச்சி, வெட்டுக்கிளி, சுவர்க்கோழி எல்லாவற்றையும் கிரில்லஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைத்து, வண்டுகளின் வரிசையில் சேர்த்தவர்தான்.

பிடித்தவளைக் கொல்லையில் விட்டுவிட்டேன். அவன் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் இருக்கிறான். இதை எழுதும்போதும் கச்சேரி நடக்கிறது. உன் மாமியார் இதற்கு வேறொரு பெயர் சொல்வாரே, என்ன அது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
சுந்தரம்