மொட்டைமாடி நோட்டீஸுக்கு மூன்றாம் மாடியின் பதில்

எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், மற்றும் லிஃப்ட் வாசலில் நின்றபடியே முடிவெடுக்கும் பெரியவர்கள் அனைவருக்கும்,

வணக்கம். மாடியில் மாஞ்சா விடுவது, பொது இடத்தில் சூனியப் பொருள் வைப்பது என்று இரண்டு குற்றங்களுக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறீர்கள். பெயர் போடாமல் 'மூன்றாம் மாடிவாசி' என்று எழுதியதில் உங்கள் நாகரிகம் தெரிகிறது. அந்த மாடியில் மற்ற வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன என்பது வேறு விஷயம்.

முதலில் மாஞ்சா. அந்த நூலுக்குச் சென்னையில் தடை இருப்பதும், ஏன் என்பதும் எனக்குத் தெரியும். நான் வீசுவது ஃப்ளை ஃபிஷிங் கயிறு, அதாவது பொய்ப்பூச்சியைக் காட்டி மீன் பிடிக்கும் தூண்டில் கயிறு. பிளாஸ்டிக் பூச்சு போட்டது, இடியாப்ப இழை போல் இருக்கும், கழுத்தை அறுக்காது. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நூலை இழுத்துக்கொண்டு போகும். இதில் முனையில் இருப்பது இறகில் கட்டிய பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. கயிற்றின் கனத்தில்தான் அது பறக்க வேண்டும். அதனால் முன்னால் 30 அடி வீச, பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவு விரிந்தாக வேண்டும். பின்னால் ஆளில்லாத 30 அடி சென்னையில் எங்கே இருக்கிறது? பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனால், மாலைக் கடற்காற்று கயிற்றை என் முகத்திலேயே அறைகிறது. காற்று விட்டாலும் பஜ்ஜி தின்கிறவர்கள் விடுவதில்லை. மிச்சம் நம் மொட்டைமாடிதான்.

பயிற்சிக் கயிற்றில் தூண்டில் முள் இருக்காது, கம்பளித் துண்டு மட்டும்தான். அது முதல் மாடி ஆன்ட்டியின் ஜவ்வரிசி வடாத்தில் போய் உட்கார்ந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு தூரத்திலிருந்து, பக்கத்து வடாம் அசையாமல், ஒரே வடாத்தில் இறக்குவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். காகம் அந்தக் கம்பளியைக் கொத்திக்கொண்டு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறியதற்கும் நான் பொறுப்பில்லை. ரீலைப் பிடித்தபடி பின்னால் ஓடியவன் நான்தான் என்றாலும்.

அப்புறம் அந்தப் பஞ்சாங்கம். வீசும்போது முழங்கை விலகக் கூடாது என்பதற்காக அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்வது பழைய பயிற்சி. தூண்டில் கோலும் கடிகார முள்ளின் பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில்தான் ஆட வேண்டும். கைக்கு அகப்பட்டது பஞ்சாங்கம். வாயில் 'பத்து, ஒன்று, பத்து, ஒன்று'. வாட்ச்மேன் அண்ணன் இதை ஜபம் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார். பரவாயில்லை, அன்றிலிருந்து எனக்கு வணக்கம் வைக்கிறார்.

சூனிய விஷயத்துக்கு வருகிறேன். செருப்பு அலமாரி மேல் நீங்கள் கண்டெடுத்த சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் யாரையும் கெடுக்க வைத்தவை அல்ல. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஏலியன் என்ற ரோமானியர், மாசிடோனியர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் தாடிக்கு அடியில் வளரும் இரண்டு இறகுகளைச் சேர்த்துக் கட்டி ஆற்றில் மீன் பிடித்ததை எழுதிவைத்திருக்கிறார். நான் கட்டிப் பார்த்தது அதைத்தான். பிராய்லர் கோழி இறகு இதற்குச் சரிவராது, நாட்டுச் சேவல் கழுத்து இறகு வேண்டும். கறிக்கடைக்காரர் இறகைக் கொடுத்துவிட்டு, "எந்தச் சாமியார் சார் சொன்னாரு?" என்று கேட்டார். உங்களைவிட அவர் மரியாதையாகக் கேட்டார்.

'இதுவரை எத்தனை மீன்?' என்ற கேள்வி நோட்டீஸில் தேவையில்லாதது. நான் பிடிக்க நினைக்கும் ட்ரவுட் மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். அதற்கு நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இந்த வீச்சுப் பழகுவதற்கென்றே 1930களில் குளங்கள் கட்டினார்கள். அவற்றில் மீனே கிடையாது. அங்கே யாரும் கணக்குக் கேட்பதில்லை.

நான் குளம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வடாம் காயப்போடும் முன், தொட்டிக்கு மேற்கே உள்ள இடத்தை ஒரு மணி நேரம் கொடுங்கள். கொடியில் துணி இருந்தால் வீச மாட்டேன். நடுவில் யாராவது வந்தால் நிறுத்திவிடுவேன். வேடிக்கை பார்க்கிறவர்கள் என் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நிற்கட்டும், கண்ணாடி போட்டிருந்தால் நல்லது.

கடைசியாக ஒன்று. நோட்டீஸில் கையெழுத்துப் போட்ட பொருளாளர் அங்கிள், விசாரிக்க மாடிக்கு வந்த அன்று, "எங்கே கொடு" என்று கோலை வாங்கி வீசிப் பார்த்தார். கயிறு நேராக, அழகாக விரிந்தது. எனக்கு இன்னும் அப்படி வரவில்லை. அவர் பெயரையும் நோட்டீஸில் சேர்ப்பதா, அல்லது எனக்குக் கற்றுக்கொடுக்கச் சொல்வதா என்று சங்கம் முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிவாசி