வேண்டாம் என்று சொல்ல ஒருவர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் அறுவை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புத்தகங்களெல்லாம் மேலே, நான் கீழே. பெரியவளுக்கு வேலை மாற்றம் வந்திருக்கிறது, அதைப் போனில் சொல்கிறேன். உன் செய்திதான் பெரிய செய்தி. இத்தனை வருஷம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த உன்னைப் பேரிடர் நிவாரண ஒருங்கிணைப்புக்குப் போட்டிருக்கிறார்களா! படித்ததும் சிரித்துவிட்டேன், ஆனால் கேலியாக இல்லை. ரசீது எங்கே என்று கேட்கிற ஆள் அந்தக் கூடாரத்தில் ஒருவராவது வேண்டும்.

உலகமே பணம் தருகிறது, விமானம் விமானமாகச் சாமான் வருகிறது, அப்புறம் ஏன் ஒரு வீடு எழும்ப வருஷக்கணக்கில் ஆகிறது என்று கேட்டிருந்தாய். 'ஒருங்கிணைப்பு போதவில்லை' என்று எல்லோரும் சொல்லும் பதில் எனக்கு அலுத்துவிட்டது. அப்படிச் சொன்ன ஒவ்வொரு தடவையும் இன்னும் இரண்டு கூட்டங்களைத்தான் கூட்டினார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான இடங்களில் இல்லாமல் போனது வேறு: வருகிற உதவியைப் பார்த்து 'இது வேண்டாம்', 'இங்கே வேண்டாம்', 'இப்போது வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர்.

மருந்தை எடுத்துக்கொள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்குச் சுமார் 4,000 டன் மருந்து வந்து இறங்கியது. அங்கே பாதிக்கப்பட்ட மக்கள்தொகையோ 20 லட்சத்துக்கும் குறைவு. பெட்டிகளில் பெரும்பகுதியின் மேல் எழுதியிருந்தது அங்கிருந்த மருத்துவப் பணியாளர்களுக்குப் புரியாத மொழி. பாதிக்கு மேல் அந்த நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை. காலாவதியானவற்றை அழிக்கத் தனியாகப் பணம் தேட வேண்டியிருந்தது. இதில் கொடுமை என்னவென்றால், 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்திலும் இதே கதைதான். ஐயாயிரம் டன் வந்தது, அதைப் பிரித்து அடுக்கவே மாதக்கணக்கில் ஆட்கள் உட்கார்ந்தார்கள். பதினாறு வருஷம் கழித்தும் அதே பெட்டிகள், அதே குழப்பம். யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. 'அனுப்பாதே' என்று சொல்லத்தான் ஆளில்லை.

நீ முதலில் போய் நிற்கப்போகும் இடம் விமான நிலையம் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பேரிடர் நடந்த நாட்டில் எல்லாமே அந்த ஓடுபாதை வழியாகத்தான் வரும். காத்மாண்டுவில் 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு சர்வதேச விமானம் இறங்க ஒரே ஓடுபாதை. கனரக விமானங்கள் இறங்கி இறங்கி அது பெயர ஆரம்பித்ததால், 196 டன்னுக்கு மேல் எடையுள்ள விமானங்களை மே முதல் வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஹைதியில் 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் விமான நிலையத்தை அமெரிக்க ராணுவம் இயக்கியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் அறுவை சிகிச்சைச் சாமான்கள் இருந்த விமானத்தைக்கூட இறங்கவிடாமல் பக்கத்து நாட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அங்கிருந்து அவை லாரியில் வந்தன. ஆக, 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் இருந்தால் மட்டும் போதாது, எது முதலில் என்று தெரிந்தவர் கையில் அது இருக்க வேண்டும்.

விமானம் இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. பலகைமேல் அடுக்கிக் கட்டிய சரக்கு, ஒரு பாலட்டைப் பிரிக்கிறோம். மேலே போர்வை, நடுவில் குழந்தைப் பால்பொடி, அடியில் எவருடைய பழைய கோட்டோ. உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியல் இல்லை, யாருக்கு என்ற பெயரும் இல்லை. ஆள் பெயர் இல்லாத சரக்கைச் சுங்க அதிகாரி விடமாட்டார், அவர் செய்வது சரிதான். அது ஓடுபாதை ஓரத்திலேயே மழையில் கிடக்கும். அதற்குப் பின்னால் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி இறங்க இடமில்லாமல் நிற்கும். ஒரு அமைப்பு, பெயர் வேண்டாம், அப்படி ஒரு விமானம் முழுக்க அனுப்பிவிட்டு, 'எங்கள் சின்னம் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்புங்கள்' என்று எனக்கே செய்தி அனுப்பியது. நான் எடுத்து அனுப்பினேன், மழையில் நனைந்த நிலையில்.

இந்த மாதிரிக் குழப்பங்களைச் சீர்செய்யத்தான் 2005-இல் ஐ.நா.வில் 'கிளஸ்டர்' முறையைக் கொண்டுவந்தார்கள். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் யுனிசெஃப், சுகாதாரத்துக்கு உலக சுகாதார நிறுவனம், சரக்குப் போக்குவரத்துக்கு உலக உணவுத் திட்டம், இயற்கைப் பேரிடரில் தங்குமிடத்துக்குச் செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் கூட்டமைப்பு என்று துறைக்கு ஒரு பொறுப்பாளர். அந்த ஆண்டு அக்டோபர் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில்தான் முதலில் பயன்பட்டது. நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் கிளஸ்டர் பொறுப்பாளர் கேட்டுக்கொள்ளலாமே தவிர, கட்டளையிட முடியாது. 'யார், என்ன, எங்கே' என்ற அட்டவணையை உன்னிடம் தருவார்கள். சாலையோரத்துக் கிராமத்தின் பெயர் அதில் மூன்று வரிசையில் மூன்று அமைப்புகளுக்கு நேராக இருக்கும். மலைமேல் உள்ள கிராமத்துக்கு நேராக ஒன்றும் இருக்காது. அட்டவணை குறையைக் காட்டும், ஆனால் ஒருவரைச் சாலையோரத்திலிருந்து மலைக்கு அனுப்பாது.

ஹைதியில் கிளஸ்டர் கூட்டங்கள் ஐ.நா. தளத்துக்குள் நடந்தன. பெரும்பாலும் ஆங்கிலத்தில். நாடு பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். வாசலில் காவல், உள்ளே நுழைய அடையாள அட்டை. சொந்த ஊர்க்காரர்கள் வெளியே நிற்க, அவர்கள் ஊரைப் பற்றி உள்ளே பேச்சு. முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளின்டனும் ஹைதி பிரதமரும் இணைத் தலைவர்களாக இருந்த இடைக்கால மீட்பு ஆணையம் 2011 அக்டோபரில் காலாவதியானது, யாரும் புதுப்பிக்கவில்லை. நிவாரணப் பணத்தில் ஹைதி அரசின் கைக்கு நேரடியாகப் போனது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஊழல் பயம் என்று காரணம் சொன்னார்கள். பயம் நியாயமாகவே இருக்கட்டும், ஆனால் பணமே இல்லாத அரசு யாரிடம் போய் 'இது வேண்டாம்' என்று சொல்லும்?

இதற்கு நேர்மாறு ஆச்சே. சுனாமி முடிந்து நான்கு மாதத்துக்குள், 2005 ஏப்ரலில், பி.ஆர்.ஆர். என்ற மறுகட்டமைப்பு முகமையை இந்தோனேசியா அமைத்தது. தலைவர் குந்தோரோ மங்குசுப்ரோதோவுக்கு அமைச்சர் அந்தஸ்து, அதிபருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அலுவலகம் தலைநகரில் இல்லை, பண்டா ஆச்சேவிலேயே. எந்த அமைப்பும் திட்டத்தைப் பதிவு செய்து ஒப்புதல் வாங்க வேண்டும். விசாவும் சுங்க அனுமதியும் ஒரே இடத்தில். ஊழியருக்கு நல்ல சம்பளம், கூடவே கைநீட்டமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்து. நான்கு வருஷத்தில், 2009 ஏப்ரலில், சொன்ன தேதியில் மூடிவிட்டுப் போனார்கள். மொத்தத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல் வீடுகள். எல்லாம் சுத்தமாக நடந்ததாகச் சொல்லமாட்டேன். மோசமாகக் கட்டிய சில வீடுகளை இடித்து மறுபடி கட்டினார்கள். ஆனால் மோசம் என்று பார்த்துச் சொல்ல ஒரு அலுவலகம் இருந்தது, அதுதான் விஷயம்.

இலங்கையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே சுனாமிதான். கரையிலிருந்து தெற்கில் 100 மீட்டர், வடக்கு கிழக்கில் 200 மீட்டருக்குள் வீடு கட்டக் கூடாது என்று அரசு கோடு போட்டது. படகும் வலையும் கரையில், குடும்பம் உள்ளே எங்கோ. எதிர்ப்பு வந்த பிறகு கோட்டைத் தளர்த்தினார்கள், அதற்குள் மாதங்கள் போய்விட்டன. உதவியைச் சேர்ந்து பங்கிட அரசும் புலிகளும் 2005 ஜூனில் போட்ட உடன்பாட்டின் முக்கியப் பகுதிகளுக்கு ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதற்குப் பிறகு பங்கீட்டை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்குப் பதிலே இல்லாமல் போயிற்று.

நீ உடனே கேட்பாய், தெரியும்: அப்படியானால் அதிகாரத்தை அரசிடமே கொடுத்துவிடலாமே? கொடுத்து அனுபவித்ததும் உண்டு. 2008 மே மாதம் நர்கீஸ் புயலில் மியான்மரில் இறந்தவரும் காணாமல் போனவரும் சேர்த்து ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். ராணுவ ஆட்சி மூன்று வாரம் வெளிநாட்டுப் பணியாளர்களை உள்ளே விடவில்லை. உதவியோடு வந்த கப்பல்கள் கடலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பின. கடைசியில் மியான்மர் அரசு, ஆசியான், ஐ.நா. மூன்றும் உட்காரும் குழு ஒன்று அமைந்த பிறகே வழி பிறந்தது. 2023 பிப்ரவரியில் வடமேற்குச் சிரியாவுக்கு ஐ.நா. உதவி போக பாதுகாப்பு மன்றம் அனுமதித்திருந்தது துருக்கி எல்லையில் பாப் அல்-ஹவா என்ற ஒரே ஒரு வாசல். ஐ.நா.வின் முதல் வரிசை லாரிகள் நிலநடுக்கம் நடந்து மூன்றாம் நாள் உள்ளே போயின. இடிபாடுகளுக்குள் இருந்தவர்களுக்கு அது எதற்கு ஆயிற்று என்று உனக்கே தெரியும். ஆகவே மறுப்பவரிடம் காரணம் கேட்கவும் ஒருவர் வேண்டும், பாதிக்கப்பட்டவர்கள் உட்கார்ந்திருக்கும் அறையில். எனக்கு ஆச்சேவும் அந்த மூவர் குழுவும் சேர்ந்த ஏதோ ஒன்று சரியாகப் படுகிறது. முழு விடையில்லை.

வீடு கட்டும் கட்டத்துக்கு வந்தால் சிமென்ட் தட்டுப்பாட்டைவிடப் பெரிய தலைவலி நிலம். ஆவணம் அலையில் போயிற்று, எல்லைக்கல் எங்கே என்று தெரியாது, உரிமையாளர் இறந்துவிட்டார், விதவைக்குப் பங்கு உண்டா என்று சண்டை. வாடகைக்கு இருந்தவர்களை எந்தக் கணக்கிலும் சேர்க்கமாட்டார்கள். ஆச்சேவில் ஊர்க்காரர்களே நடந்து அளந்து எல்லை வரைந்து, பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போட்ட வரைபடங்கள் பல இடங்களில் வேலையைத் தொடங்கிவைத்தன. நில அளவையருக்கு உன் வரவுசெலவில் முதல் மாதமே இடம் போட்டு வை. நன்கொடையாளர் யாரும் அதற்குத் தர விரும்பமாட்டார்கள், படம் எடுத்தால் அதில் ஒன்றும் தெரியாது.

நேபாளத்தில் வேறு வழி பார்த்தார்கள்: வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளட்டும், அரசு மூன்று தவணையில் மூன்று லட்சம் நேபாள ரூபாய் தரும். ஒப்பந்தத்துக்கு ஐம்பதாயிரம், அடித்தளத்தைப் பொறியாளர் பார்த்த பிறகு ஒன்றரை லட்சம், அடுத்த கட்டம் முடிந்ததும் மீதி. எனக்குப் பிடித்த ஏற்பாடு, மறுக்கும் அதிகாரம் வீட்டுக்காரரிடமும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் 2015 ஜூன் மாநாட்டில் 440 கோடி டாலர் தருவதாக நாடுகள் சொல்லியும், செலவழிக்க வேண்டிய ஆணையம் அமைய டிசம்பர் ஆகிவிட்டது. அந்த மழைக்காலத்தையும் குளிரையும் மக்கள் தகரத்தின் கீழ் கழித்தார்கள். அறிவித்த பணம் வேறு, வந்த பணம் வேறு, செலவான பணம் வேறு. இந்த மூன்று நெடுவரிசையையும் தனித்தனியாகப் போடு. இதைக் கணக்குப் பிள்ளை உனக்கு நான் சொல்வது அதிகப்பிரசங்கம்தான்.

ஒன்று நல்லதாகச் சொல்லிவிடுகிறேன். மீட்புக் குழுக்களில் இந்த 'வேண்டாம்' ஓரளவு பழகிவிட்டது. ஆர்மீனியாவுக்குப் பிறகு 1991-இல் தொடங்கிய இன்சராக் என்ற சர்வதேச தேடல், மீட்பு வலையமைப்பு குழுக்களைச் சோதித்துத் தரம் பிரிக்கிறது. ஹைதியில் கண்டவர் எல்லாம் கத்தியெடுத்து அறுவை செய்துவிட்டுக் குறிப்பும் எழுதாமல் விமானம் ஏறியதைப் பார்த்த பிறகு, 2013-இல் மருத்துவக் குழுக்களுக்கும் அதே மாதிரித் தரவரிசை வந்தது. தகுதி காட்டாதவர்களை வாசலிலேயே நிறுத்தலாம். சாமானுக்கும் வீட்டுக்கும் இப்படி எப்போது வரும் என்றுதான் தெரியவில்லை.

உன் வேலையில் பதவியின் பெயர் பெரிதாக இருக்கிறது, நிறுத்தும் உரிமை உண்டா என்று உன் கடிதத்தில் இல்லை. கையெழுத்துப் போடுமுன் கேட்டு எழுத்தில் வாங்கு. உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடியாக எவ்வளவு போகும் என்பதையும் கேள். 2016-இல் கொடை தரும் நாடுகளும் பெரிய உதவி அமைப்புகளும் உதவிப் பணத்தில் கால்பங்கு என்று வாக்குக் கொடுத்தன, அதன் அருகில்கூடப் போகவில்லை.

ஒப்பந்த வரைவில் நிலம் பற்றிய பக்கங்களை மட்டும் எனக்கு அனுப்பு. எனக்கு இப்போது உட்கார்ந்து படிப்பதுதான் வேலை, ஓரத்தில் திட்டி எழுதித் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்