எர்ணாவூரில் அப்பாவைத் தூக்கிய அண்ணனுக்கு

அண்ணே, உங்கள் பெயர் தெரியாது. கட்டம் போட்ட லுங்கி, நரைத்த மீசை என்று அம்மா சொன்ன அடையாளம் மட்டும்தான். போன மாதம் எர்ணாவூர் கடற்கரைக் கற்களுக்கு நடுவே அப்பா மயங்கிச் சரிந்தபோது, அந்த வழியாகப் போன மீன்பாடி வண்டியை மறித்து, ஐஸ் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவரை ஏற்றிப் போனீர்கள். நாங்கள் வரும்வரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றீர்கள். கண்ணாடி, போன், பர்ஸ், தூண்டில், எல்லாம் அப்படியே அம்மா கைக்கு வந்தது. அப்புறம் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

அப்பா பிழைக்கவில்லை. ஆனால் மறுநாள் முழுக்க நினைவோடு இருந்தார், எங்களோடு பேசினார். "அந்தத் தம்பிக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்தீங்களாடா?" என்று திட்டவும் செய்தார். அந்த ஒரு நாள் நீங்கள் கொடுத்தது.

யாரைத் தூக்கினீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்காராத மனிதர். விடியுமுன் எண்ணூர் முகத்துவாரத்தில் தூண்டில் முள்ளில் இறாலைக் கோத்துக் கிழங்கான் மீனுக்குக் காத்திருப்பார். குளிர்காலம் வந்தால் பூநாரை பார்க்கப் பழவேற்காடு. தூக்கக் கலக்கத்தில் எங்களையும் இழுத்துப்போவார். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, கூட்டாளிகளோடு போய் வாளி வாளியாக அள்ளினார். நகத்தில் ஏறிய கறுப்பு ரொம்ப நாள் போகவில்லை. சட்டையை அம்மா குப்பையில் போட்டார், அதற்கும் ஒரு சண்டை.

திருவொற்றியூர், காசிமேடு பக்கம் இந்த அண்ணனைத் தெரிந்தவர்கள் தகவல் சொல்லுங்கள். அண்ணே, தூண்டிலை நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் முள் கட்டக்கூடத் தெரியாது.